மகனிடம் வாடகைச் சீட்டுக் கேட்பது தப்பா?

திருச்சியிலிருந்து ஒரு தோழர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவர் ரயில்வேயில் முப்பது வருஷத்திற்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கடிதம் ஒரு வீட்டைப் பற்றியது. ஆனாலும் படித்து முடித்தபோது, இது அவர் ஒருவருடைய வீட்டுச் சங்கதி மாத்திரமல்ல, சொந்த வீடு என்று ஒன்று வைத்திருக்கிற அநேக குடும்பங்களில் நடந்து வருகிற காரியமே என்று நமக்குத் தோன்றியபடியால், பெயரை விட்டுவிட்டு, அவருடைய சம்மதத்தின் மேல் பகிரங்கமாகவே பதில் எழுதுகிறோம்.

சங்கதி இதுதான். சென்னையில் சைதாப்பேட்டைப் பக்கம் அவருக்கு மாடியோடு கூடிய வீடு ஒன்று இருக்கிறது. அது பிதிரார்ஜித சொத்தல்ல. தம்முடைய சம்பாத்தியத்தைக் கொண்டும், அது போதாமல் தம் மனைவியாரின் நகைகளை விற்றும் வாங்கியது. கிரயப் பத்திரம் அவர் பேரில் மாத்திரம் இருக்கிறது. ஏழு வருஷத்திற்கு முன் மகன் கல்யாணமாகிச் சென்னையில் வேலைக்குப் போனபோது, "யாரோ அந்நியனுக்கு விடுவதைவிட நீயே இருந்துகொள், மாதம் எட்டாயிரம் கொடுத்தால் போதும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மகன் கீழ்க்கட்டில் இரண்டு அறைகளைத் தமக்கு வைத்துக்கொண்டு, மற்ற நான்கு அறைகளையும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் வாலிபர்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு மாதம் ஐயாயிரம். தகப்பனாருக்கு வருவது இன்றைக்கும் அதே எட்டாயிரந்தான். வீட்டு வரியும் தண்ணீர் வரியும் தகப்பனாரே கட்டி வருகிறார்.

சாவி கொடுப்பதற்குப் பஞ்சாங்கம் பார்த்து, முகூர்த்த நேரத்தை ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக் கொண்டார்களாம். "வீட்டில் உள்ளவர்களின் பிடிவாதத்தினால்" என்று தோழர் எழுதுகிறார். நமது தோழர்கள் எப்போதும் இப்படித்தான் சொல்லுகிறார்கள். அது போகட்டும். நேரத்தை எழுதி வைத்தவர்களுக்கு வாடகை எவ்வளவு, எத்தனை வருஷத்திற்கு, அறைகளைப் பிறருக்கு விடலாமா, விட்டால் அந்தப் பணம் யாருக்கு என்பதை எழுதி வைக்க ஒரு காகிதம் கிடைக்கவில்லை.

இப்போது தகராறு எப்படி வந்ததென்றால், தோழருக்குக் கரூரில் ஒரு மகள் இருக்கிறார். மகனுக்கு மூத்தவர், பள்ளிக்கூட உபாத்தியாயினி. அவருடைய பெண்ணுக்குச் சென்னையில் காலேஜில் இடம் கிடைத்தது. மாமா வீட்டில் ஒரு அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். "ஒரு அறையில் ஒரு பெண்ணைத் தனியாக வைத்தால் மூன்று பேர் வாடகை போய்விடுமே" என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் என்று மடியில் உட்கார வைத்துக் கொண்டவரும் இவர்தான். பெண் விடுதிக்குப் போய்விட்டது. அதன் பேரில் மகள் தகப்பனாரை டெலிபோனில் கூப்பிட்டு, "அப்பா, எனக்குப் பங்கு வேண்டாம், அந்த வீட்டில் மாதம் எவ்வளவு வருகிறது என்று மாத்திரம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். தகப்பனாருக்குச் சொல்லத் தெரியவில்லை. மகனைக் கேட்டார். மகன், "என்னை வாடகைக்காரன் போல் நடத்துகிறீர்களா?" என்று கோபித்துக்கொண்டு டெலிபோனை வைத்துவிட்டார். "மகனிடம் கணக்கும் சீட்டும் கேட்பது ஒரு தகப்பனுக்கு அழகா? பாசம் என்ன ஆவது?" என்பதுதான் தோழர் நம்மைக் கேட்கும் கேள்வி.

அம்மையாரின் அபிப்பிராயம் என்னவென்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவருடைய நகை மாத்திரம் இருக்கிறது.

முதலில் மகனுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறோம். உள்வாடகைக்கு விடுவது ஒரு பாவமல்ல. பத்து வாலிபர்களை ஒரு வீட்டில் வைத்துக்கொண்டு, மாதம் பிறந்ததும் வாடகை வசூலித்து, நடுராத்திரியில் மோட்டார் நின்றுபோனால் எழுந்து பார்த்து, குழாய்க்காரனுக்கும் சாக்கடை அடைப்பு எடுப்பவனுக்கும் அலைந்து, ஒருவன் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால் வேறு ஆள் தேடி வைப்பது வேலையல்லவென்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு அவருக்குக் கூலி உண்டு. அதை அவர் கூசாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். நாம் சொல்லுவதெல்லாம், அந்த ஐம்பதாயிரத்தில் மகனுடைய உழைப்புச் சம்பாதித்தது எவ்வளவு, தகப்பனாருடைய சுவரும் தாயாருடைய நகையும் சம்பாதித்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். பிரித்துப் பார்க்காதவரையில் அவ்வளவும் தம்முடைய சாமர்த்தியம் என்றே மகனுக்குத் தோன்றும். இதில் மகனை மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை. சாமர்த்தியக்காரன் என்று ஏழு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் தகப்பனார்தானே?

கணக்கைப் பாருங்கள். அந்த வீட்டை முழுதாக ஒரு அந்நியனுக்கு விட்டால் இன்று முப்பதாயிரம் கிடைக்கும் என்று தரகர் சொன்னதாகத் தோழரே எழுதியிருக்கிறார். மகன் கொடுப்பது எட்டாயிரம். ஆகவே மாதம் ஒன்றுக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாயைத் தகப்பனார் மகனுக்கு இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வருஷத்திற்கு 2,64,000 ரூபாய். ஆரம்பத்தில் வாடகை மட்டம் குறைவாயிருந்திருக்கும் என்று மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டாலும், ஏழு வருஷத்திற்குப் பன்னிரண்டு லட்சத்திற்குக் குறையாது. இந்த இனாம் எந்த நோட்டிலும் இல்லை. ஆனால் இதே கடிதத்தில், மகளுக்கு 2003-ல் கல்யாணத்தின்போது 20 பவுன் போட்டதும், வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்ததும், மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததும், வருஷத்தோடும் எண்ணிக்கையோடும் இருக்கிறது. மகளுக்குக் கொடுத்ததற்குக் கணக்கு உண்டு, மகனுக்குக் கொடுப்பதற்குக் கணக்கில்லை என்றால், தோழர் எந்தப் பாசத்தைப் பற்றி நம்மைக் கேட்கிறார் என்று நமக்கு விளங்கவில்லை. கணக்குக் கேட்டால் பாசம் கெட்டுப்போகுமானால், மகள் விஷயத்தில் அது 2003-லேயே கெட்டுப்போயிருக்க வேண்டுமே!

செங்கற்பட்டில் 1929-ம் வருஷம் பிப்ரவரியில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாட்டில், பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் நிறைவேறியது. 1937-ல் வெள்ளைக்கார சர்க்கார் காலத்தில் வந்த சட்டம் விதவைக்கு ஜீவிய பரியந்தம் அனுபவிக்கும் பாத்தியம் மாத்திரம் கொடுத்தது; மகளை நினைக்கவில்லை. 1956-ம் வருஷத்து வார்சுச் சட்டம் தகப்பனுடைய சுயார்ஜிதத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சொல்லிவிட்டு, அதே சட்டத்தின் 23-வது பிரிவில் ஒரு பூட்டையும் போட்டு வைத்தது. குடும்பத்தார் குடியிருக்கும் வீடாயிருந்தால், ஆண் வாரிசுகளாக முன்வந்து பாகம் பிரித்துக்கொள்ளும் வரையில் பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்பதே அந்தப் பூட்டு. அதாவது, பங்கு உண்டு, ஆனால் தம்பிக்கு மனசு வரும்போது வாங்கிக்கொள் என்பது. அது எடுபட்டது 2005-ம் வருஷம் செப்டம்பரில். இதற்கிடையில் தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பினாலேயே பாத்தியம் என்ற சட்டம் 1989-ல் வந்தது; அதுவும் அவ்வருஷம் மார்ச்சு 25-ந் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று நிறுத்தி வைத்தது. தீர்மானத்திலிருந்து சட்டத்திற்கு அறுபது வருஷமாயிற்று.

இவ்வளவும் எதற்காகச் சொல்லுகிறோமென்றால், இந்த வீட்டு விஷயத்தில் மேற்படி சட்டங்கள் எதுவும் இன்றைக்கு அந்த மகளுக்கு ஒரு காசும் வாங்கிக் கொடுக்காது. வீடு தகப்பனாரின் சுயார்ஜிதம். அவர் உயிரோடிருக்கும் வரையில் மகளுக்கும் பாத்தியமில்லை, மகனுக்கும் பாத்தியமில்லை. உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். உயில் இல்லாமல் இறந்தால், மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. ஆகையால் இப்போது நியாயம் செய்ய வேண்டியவர் கோர்ட்டு ஜட்ஜு அல்ல, நமது தோழரேதான். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் நாம் பெண்ணுக்கு என்ன செய்கிறோம் என்பதைக் கொண்டுதானே நம்முடைய தீர்மானங்களின் யோக்கியதை தெரியும்?

நிற்க. இந்த வீட்டில் இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதாகக் காணோம். விழுப்புரத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வந்து, பகலில் கம்பெனியிலோ கடையிலோ உழைத்துவிட்டு, ராத்திரி வந்து படுக்கிற பிள்ளைகள். ஒவ்வொருவனிடமும் பதினைந்தாயிரம் முன்பணம் வாங்கியிருக்கிறது. ரசீது கிடையாது. ஒன்றரை லட்சம் ரூபாய் மகனிடம் இருக்கிறது அல்லது செலவாகிவிட்டது. வீட்டுக்காரர் யார் என்றே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாளைக்குத் தகப்பனாரும் மகனும் சண்டையிட்டு, "வீட்டைக் காலி செய்" என்று ஒருவருக்கொருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டால், பெட்டியோடு தெருவில் நிற்கப் போகிறவர்கள் இந்தப் பத்துப் பேர்தான். 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக 2017-ல் செய்து 2019 பிப்ரவரி 22 முதல் அமுலுக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலம் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதமில்லாமல் குடியிருப்பவர் உள்வாடகைக்கு விடக்கூடாது என்றும் சொல்லுகிறது. இங்கே ஒப்பந்தமும் இல்லை, சம்மதச் சீட்டும் இல்லை. அப்பாவும் பிள்ளையும் பாசத்தினால் காகிதமில்லாமல் இருந்துகொள்ளலாம். சங்கரன்கோவில் பையனுக்கு இவர்களோடு என்ன பாசம்?

மின்சாரமும் அப்படியே. வீட்டு இணைப்பு ஒன்றுக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என்று 2016-ல் சர்க்கார் செய்தது. ஆனால் சென்னையில் உள்வாடகைக்கு இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சர்க்கார் வேண்டாமென்று விட்ட யூனிட்டுக்கும் சேர்த்து, சப் மீட்டரைக் காட்டி வீட்டுக்காரர் ஒரே விலையாக வசூல் செய்வது சர்வ சாதாரணம். இந்த மகன் அப்படிச் செய்கிறாரா என்று நமக்குக் கடிதத்தில் தகவல் இல்லை. செய்தால் அதையும் நிறுத்தச் சொல்லுகிறோம்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. "பையன் கண்டவனுக்கும் விடுவதில்லை, நம்மவர்களாகவே பார்த்துத்தான் வைத்திருக்கிறான்" என்று. தோழர் இதை மகனுக்கு நற்சாட்சிப் பத்திரமாக எழுதியிருக்கிறார். நாம் இந்த வரியை மூன்று தடவை படித்தோம். நம்மவர்கள் என்றால் யார்? வாசலில் வந்து அறை கேட்கிற பையனிடம் ஊர் என்ன என்று கேட்டு, தெரு என்ன என்று கேட்டு, தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டு, என்ன சாப்பிடுவாய் என்றும் கேட்டு, பிறகு "நேற்றுத்தான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்று அனுப்பிவிடுவதற்குத்தானே இந்தப் பேர்? தீண்டாமையைக் காரணமாக்கி ஒருவரை எந்த இடத்திலும் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955-ம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். சாதியை வாய் திறந்து சொல்லித் தடுத்தால்தானே குற்றம் ருசுவாகும்; "காலியில்லை" என்று சொன்னால் எந்தப் போலீஸ்காரர் என்ன செய்வார்? மேடையில் நாற்பது வருஷம் சாதி ஒழிப்புப் பேசிய ஒருவருடைய வீட்டு வாசலில், அவருடைய பேராலேயே, இந்தப் பரீட்சை நடக்கிறது. தாம் நேரில் கேட்கவில்லை, மகன்தான் கேட்கிறான் என்று தோழர் சொல்லலாம். வீடு அவருடையது. எழுத்து மூலம் சம்மதம் கொடுக்கும்போது, சாதியும் மதமும் சாப்பாடும் கேட்டு அறை மறுக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்க்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. மகன் இதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு ஜாகை பார்த்துக்கொள்ளட்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

இனி, உறவினர்கள் சொல்லியிருக்கிற யோசனைகளுக்கு வருவோம். ஒருவர், "பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால் வீடு அவனுக்கே சொந்தமாகிவிடும், உடனே காலி செய்" என்றாராம். இது சட்டத்தைப் பற்றிய மூட நம்பிக்கை. வீட்டுக்காரருடைய சம்மதத்தின் பேரில் உள்ளே வந்தவன், சம்மதத்தின் பேரிலேயே இருந்துகொண்டு, வெறும் வருஷ எண்ணிக்கையைக் காட்டிச் சொந்தக்காரனாகிவிட முடியாது. ஆனாலும் சம்மதத்தின் பேரில் வந்தான் என்பதற்கு அத்தாட்சி எது? அதற்கும் சீட்டுத்தான் வேண்டியிருக்கிறது. இன்னொருவர், பதினோரு மாதத்திற்கு எழுதினால் ரிஜிஸ்தர் வேண்டியதில்லை என்றாராம். ஒரு வருஷத்திற்கு மேற்பட்ட குத்தகைக்கே ரிஜிஸ்தர் கட்டாயம் என்ற 1908-ம் வருஷத்துச் சட்டத்தினால் வந்த பழக்கம் அது. முன்சொன்ன புதுச் சட்டத்திற்குப் பிறகு, எத்தனை மாதத்திற்கு எழுதினாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டியதுதான். மூன்றாமவர் சொன்னதுதான் ஆபத்தானது. "எப்படியும் மகனுக்குத்தானே, இப்போதே செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்துவிடு, தகராறு தீர்ந்தது" என்றாராம். மகளும் மனைவியும் இல்லாமலே தீருகிற தகராறு! பெற்றோரைப் பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற 2007-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று வழி செய்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் மேல் கொடுத்திருந்தால்தான் அது உதவும். இன்று வாடகைச் சீட்டுக் கேட்கவே கூசுகிறவர், நாளைக்குச் செட்டில்மெண்டில் சோறு போட வேண்டுமென்று நிபந்தனை எழுதுவாரா?

ஆகவே நமது தோழர் செய்யக்கூடியது இது. வீட்டை மகனுக்கு எழுத்து மூலம் வாடகைக்கு விடட்டும். வாடகை முப்பதாயிரம். ஐம்பதாயிரம் வசூலில் அது போக இருபதாயிரம் நிற்கும். மின்சாரம், பழுது, வேலைக்காரி இவற்றிற்கு எட்டாயிரம் போனாலும், இருக்க இரண்டு அறையும் மாதம் பன்னிரண்டாயிரமும் மகனுடைய உழைப்புக்குக் கிடைக்கும். அது குறைவென்று மகன் சொன்னால் வாடகையை இருபத்தையாயிரமாக்கட்டும். அது பேரம், அப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசுவதில் அவமானம் ஒன்றுமில்லை. கணக்கில்லாமல் வாங்கிக்கொண்டு, கேட்டால் கோபித்துக்கொள்ளுவதுதான் அவமானம். உள்வாடகைக்கு விடலாம் என்ற சம்மதத்தையும், எத்தனை பேர் என்பதையும், ஒவ்வொருவருக்கும் ரசீதும் முன்பணத்திற்குச் சீட்டும் கொடுக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதட்டும். "வாடகைக்காரன் போல் நடத்துகிறீர்களா" என்று மகன் மறுபடியும் கேட்டால், "ஆமாம், நீ அந்தப் பத்துப் பேரை எப்படி நடத்துகிறாயோ அதைவிட மரியாதையாகவே நடத்துகிறேன்" என்று சொல்லலாம். வாடகைக்காரன் என்பது வசவல்ல. ஊரில் பாதிப் பேர் வாடகைக்காரர்கள். தோழரே உத்தியோக காலத்தில் எத்தனை ஊர்களில் வாடகைக்கு இருந்திருப்பார்!

வருகிற வாடகையில் முதல் பாத்தியம் நகை கொடுத்தவருக்கு. அம்மையார் பேரில் பாங்கியில் தனிக் கணக்கு இருந்தால் அதில் பாதியைக் கட்டட்டும், இல்லாவிட்டால் திறக்கட்டும். அதை அவர் கோவிலுக்குச் செலவழித்துவிடுவார் என்று தோழர் பயப்படுவதாகத் தெரிகிறது. செலவழிக்கட்டுமே! நமக்கு அது சம்மதமில்லைதான். ஆனால் அவருடைய பணத்தை அவர் வீணாக்குவதற்கும், அவருடைய பணத்தை நாம் வைத்துக்கொண்டு அவருக்குப் பகுத்தறிவு போதிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பிறகு, மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று உயில் எழுதி வைக்கட்டும். இதுவரை மகனுக்கு விட்டுக்கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்கச் சொல்லவில்லை. அது கொடுத்ததாகவே இருக்கட்டும். ஆனால் கொடுத்தது இவ்வளவு என்று, 20 பவுனை எழுதிய அதே நோட்டில் எழுதி, மகளுக்கு ஒரு நகல் அனுப்பட்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

பேத்திக்கு அறை உண்டா என்பதை நாம் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லவில்லை. அதை மகனே யோசித்துச் சொல்லட்டும். விடுதிக்கு அந்தப் பெண் எவ்வளவு கட்டுகிறதோ அதை மாமாவுக்கே கட்டத் தயார் என்று மகள் சொல்லியிருந்ததாகக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

எல்லோரும் உட்கார்ந்து பேச எந்த நாள் நல்லது என்றும் தோழர் கேட்டிருக்கிறார். மகனுக்கும் மகளுக்கும் வேலை இல்லாத நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று கரூரிலிருந்து காலையில் புறப்பட்டால் சாயங்காலம் நாலு மணிக்குள் சைதாப்பேட்டைக்கு வந்துவிடலாம். காப்பி சாப்பிட்டுவிட்டு நாலரை மணிக்கு உட்காரலாம். அது ராகுகாலம் என்று அம்மையார் சொல்லுவார். அந்த வீட்டில் நல்ல நேரம் பார்த்துச் செய்த காரியம் எப்படி முடிந்திருக்கிறதென்று அவருக்கு எடுத்துச் சொல்லி, அவரையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பிக்கவும்.